குமிழி நின்ற மதியம்

என் மனைவி காரில்தான் பேசுவாள். வீட்டில் நாங்கள் பேசிக்கொள்வதெல்லாம் கேஸ் தீர்ந்ததா, மோட்டார் போட்டாச்சா என்ற அளவில்தான். சாயங்காலம் அந்த மஞ்சள் காரின் கூரையை மடக்கிவிட்டு உப்பளச் சாலையில் ஏறிவிட்டால் போதும், அவளுக்கு வாய் திறந்துவிடும். அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் சிஸ்டர் சொன்னது, கனவில் யாரோ வந்து கதவைத் தட்டியது, எப்போதோ செத்துப்போன சித்தி வளர்த்த கிளி, எல்லாம் வரும். இரண்டு பக்கமும் பாத்திகளில் தண்ணீர் அசையாமல் கிடக்கும். மேலேயும் வானம், கீழேயும் வானம், நடுவில் நாங்கள் இரண்டு பேர். நான் அதிகம் பேசமாட்டேன், கேட்டுக்கொண்டே ஓட்டுவேன். சில நாள் எதுவரை போய்த் திரும்பினோம் என்பதே எனக்கு நினைவிருக்காது.

அது பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு, ஃபைபர் உடம்பு. வள்ளத்துக்கு ஃபைபர் ஒட்டுகிறவரிடம்தான் அதற்கும் ஒட்டுப் போடுவேன். நான் நாசரேத்துக்காரன். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் வேலை, கடற்கரைக் குடும்பத்தில் பெண் எடுத்தவன். இதென்ன பொம்மைக் கார் என்று இரண்டு ஊரிலும் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே, எனக்கென்ன வந்தது!

குறை ஒன்றே ஒன்று, பிரேக். நாலு சக்கரத்திலும் பழைய டிரம் பிரேக். ஒரே மிதியில் நிற்காது, மூன்று தரம் மிதித்து எழுப்ப வேண்டும். டிரம்முக்குள் தண்ணீர் போய்விட்டால் அதுவும் இல்லை. போன ஐப்பசி மழையில் ஒருநாள் சாலையில் தேங்கிக் கிடந்த தண்ணீரில் இறங்கி ஏறினோம். கொஞ்ச தூரத்தில் முன்னால் போன உப்பு லாரி நின்றது. நான் மிதித்தேன். கார் நிற்கவில்லை. இன்னொரு தரம், இன்னொரு தரம். ம்ஹூம். வேறு வழியில்லாமல் இடது பக்கம் ஒடித்தேன். கார் உப்பளத்து வாய்க்காலில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. வேகம் ஒன்றும் பெரிதில்லை, இதை இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். அவளுக்கு நெற்றியில் ஒரு வீக்கம், அவ்வளவுதான். ஆனால் கரையேறி உட்கார்ந்தவள், "இனிமே இதுல நான் ஏறமாட்டேன்" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் அப்படிப் பயந்திருக்க மாட்டேன்.

கத்தியது அவளுடைய அண்ணன். அவர் கடலில் சங்கு குளிக்கிறவர், குரலும் கடலுக்கு ஏற்ற குரல். "எந் தங்கச்சிய உப்புல போட்டு ஊறுகா வைக்கப் பாத்தீராவே?" என்று எங்கள் வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி சத்தம் போட்டார். எனக்கும் கோபம் மூக்குக்கு மேல் வரும். "எம் பொண்டாட்டிய நான் பாத்துக்கிடுதேன், நீரு போய் உம்ம சங்கைப் பாரும்வே" என்றேன். அன்றோடு பேச்சு முறிந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எதிரே வந்தாலும் என்னைத் தாண்டி, கோவில் கோபுரத்தில் என்னவோ அதிசயம் இருப்பதுபோல் பார்த்துக்கொண்டு போவார். போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஆனால் சாயங்காலங்களை அப்படி விட முடியவில்லை. அவள் மாடியில் துணி மடித்துக்கொண்டிருப்பாள், நான் கீழே போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கேஸ், மோட்டார், அவ்வளவுதான் பேச்சு. ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒரு மனுஷியின் குரலுக்கு ஏங்குவது என்ன பிழைப்பு என்று எனக்கே வெட்கமாக இருக்கும். பிரேக்கை மாற்றினால் அவள் ஏறுவாள், ஏறினால் பேசுவாள். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

பைபாஸ் பக்கம் லாரிகளுக்குப் பிரேக் வேலை செய்கிற ஒரு அண்ணாச்சி தன் பட்டறையில் இடம் கொடுத்தார். "இதை லாரிக்கு அடியில வச்சா ஸ்டெப்னின்னு கழத்திட்டுப் போயிருவான்" என்று கேலி செய்தார். காயலான் கடையில் ஒரு புதுமாடல் சின்னக் காரின் டிஸ்க்குகளும், அவற்றைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பர்களும் கிடைத்தன. லேத்தில் கொடுத்துக் கடைந்து, என் காரின் முன் சக்கரங்களுக்குப் பொருத்தினேன். குழாய்கள் எல்லாம் புதிது, மாஸ்டர் சிலிண்டர் புதிது. லீவு நாளெல்லாம் அங்கேதான் கிடந்தேன். கடைசியில் பாக்கி இருந்தது, குழாய்க்குள் இருக்கிற காற்றை எடுக்கிற வேலை.

காற்று இருந்தால் மிதி பஞ்சுபோல் இறங்கும், சக்கரம் பிடிக்காது. அதை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். மற்றவர் கீழே படுத்துச் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் சின்ன நிப்பிளைத் திறந்தால், ஆயிலும் காற்றும் கலந்து ஒரு டியூப் வழியாகப் பாட்டிலுக்கு வரும். நிப்பிளை மூடிய பிறகுதான் மேலே இருப்பவர் காலை எடுக்கலாம். முந்தி எடுத்தால் போன காற்று திரும்பி உள்ளே ஏறிவிடும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அண்ணாச்சி பட்டறையைத் திறந்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். நான் அவளுக்குப் போன் செய்தேன். "கொஞ்ச நேரம் வந்து மிதிச்சுக் குடேன். நிக்கிற காருதானளா?"

"நிக்கிற காருலயும் ஏறமாட்டேன். ஆளு அனுப்புதேன்" என்று வைத்துவிட்டாள்.

வந்தது அவளுடைய அண்ணன். அட மாதாவே, இவரையா அனுப்பினாள்! செருப்பை வெளியே கழற்றிப் போட்டுவிட்டு வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். என்ன செய்ய வேண்டும் என்று நான் காற்றிடம் சொல்வதுபோல் சொன்னேன். அவரும் காற்றைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டார். நான் பின் சக்கரத்தின் கீழே போய், "மிதி" என்றேன். பதில் இல்லை, கதவில் ஒரு தட்டு. பிடித்திருக்கிறாராம். திறந்து, மூடி, "விடு" என்றேன். இரண்டு தட்டு. விட்டுவிட்டாராம். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனால் அந்த இடம் நல்ல இடம். சிமெண்ட் தரை முதுகுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. தகரக் கூரையின் ஓட்டைகள் வழியாக வெயில் காசு காசாகத் தரையில் விழுந்திருந்தது. கடலிலிருந்து காற்று வந்துகொண்டே இருந்தது. டியூபில் தேன் நிறத்து ஆயிலும், அதற்குள் குமிழிகளும் மெதுவாக ஏறிப்போயின. மிதி, ஒரு தட்டு, குமிழி. விடு, இரண்டு தட்டு. ஒரு சக்கரம் முடிந்து இன்னொரு சக்கரத்துக்கு நகர்ந்தது எப்போது என்றே தெரியவில்லை. கண் திறந்திருந்தது, ஆனால் பாதித் தூக்கம்.

கல்யாணமான புதிதில் அவர் என்னைத் தன் வள்ளத்தில் கூட்டிக்கொண்டு போனது ஞாபகம் வந்தது. காற்று வருகிற டியூபைக் கடித்துக்கொண்டு அவர் கடலுக்குள் இறங்கிவிட்டார். வள்ளத்தில் அவருடைய மனைவியின் தம்பி உட்கார்ந்து, தண்ணீரில் வருகிற குமிழிகளையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் என்னவோ கேட்டேன். அவன் கண்ணையும் எடுக்கவில்லை, பதிலும் சொல்லவில்லை. முத்துக் குளித்த காலத்தில் குளிக்கிறவனுக்குக் கயிறு பிடிக்க மச்சானைத்தான் வைப்பார்களாம். கூடப் பிறந்தவன்கூடக் கயிற்றை விட்டாலும் விடுவான், மச்சான் விடமாட்டான், அக்கா தங்கச்சி தாலி அதில் இருக்கிறதே என்று கரையேறிய பிறகு அவர்தான் எனக்குச் சொன்னார். வெயில் தாங்காமல் அன்று வள்ளத்திலேயே நான் தூங்கிப்போயிருந்தேன்.

கடைசிச் சக்கரம். குமிழிகள் பட்டாணி அளவு வந்தன, பிறகு மிளகு, பிறகு கடுகு. பிறகு ஒன்றுமே இல்லை. சுத்தமான ஆயில். வேலை முடிந்தது! சந்தோஷம் தாங்காமல், "குமிழி நின்னுட்டு!" என்று கத்தினேன்.

அடுத்த நொடி இரண்டு கணுக்காலையும் யாரோ பிடித்து இழுத்தார்கள். சட்டை கழுத்துவரை சுருண்டது, முதுகு தரையில் தேய்ந்தது, பாட்டில் கவிழ்ந்து ஆயில் நெஞ்சில் கொட்டியது. வெளிச்சத்துக்கு வந்து பார்த்தால் மச்சான். முகத்தில் ரத்தமே இல்லை. "மாப்ள! மாப்ள!" என்று என் கன்னத்தில் அறைகிறார்.

"என்னவே! எனக்கென்ன, நல்லாத்தான இருக்கேன்!" என்று அலறினேன்.

அவர் என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார், கவிழ்ந்த பாட்டிலைப் பார்த்தார். அப்படியே என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அது நின்னுட்டுன்னா நாங்க ஏன், என்னன்னு கேக்கமாட்டோம், மாப்ள. இழுத்துருவோம்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருக்கும்போது கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. பெண்டாட்டியை வாய்க்காலில் தள்ளியவன் என்று ஊர் கேட்கத் திட்டின மனுஷன், என் மூச்சு நின்றுவிட்டது என்று நினைத்து ஓடிவந்திருக்கிறார். இவர்மேலா இத்தனை மாதம் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன்!

"நிப்பிளு திறந்து கெடக்கும்போது காலை எடுத்துட்டீரே மச்சான், காத்து பூராவும் ஏறிட்டு" என்றேன்.

"ஏறட்டும்வே, திரும்ப எடுப்போம். ஆனா குமிழியப் பத்தி மட்டும் பேசாதீரும். போதும்னு சொல்லும், போதும்."

திரும்ப எடுத்தோம். இந்தத் தரம் கதவைத் தட்டவில்லை, "பிடிச்சிருக்கேன் மாப்ள", "விட்டுட்டேன் மாப்ள" என்று ஒவ்வொன்றுக்கும் குரல் கொடுத்தார். சாப்பிட்டு வந்த அண்ணாச்சி ஆயிலில் குளித்த என்னையும், சிரிக்கிற இவரையும் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்ப் படுத்துக்கொண்டார்.

"நான் ஏறிப் பாக்காம அவள ஏறச் சொல்லமாட்டேன்" என்றார் மச்சான். முழங்கால் டேஷ்போர்டில் இடிக்க அந்தச் சின்ன சீட்டில் தன்னை மடக்கிக்கொண்டார். உப்பளச் சாலை வெறிச்சென்று கிடந்தது. வேகம் எடுத்ததும், "நிறுத்தும்!" என்று கத்தினார். நான் பழைய பழக்கத்தில் மூன்று தரம் மிதித்தேன். முதல் மிதியிலேயே கார் குத்துக்கல்லாக நின்றுவிட்டது.

"மிச்ச ரெண்டு யாருக்குவே?" என்றார். திரும்பத் திரும்ப ஓட்டச் சொல்லி, என் கால் ஒரே மிதியோடு அடங்குகிறவரை விடவில்லை. பிறகு தங்கச்சிக்குப் போன் போட்டார்.

அவள் ஸ்கூட்டரில் வந்தாள். மச்சான் இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு, "ஏறுளா" என்றார். அவள் காரைச் சுற்றி ஒரு முறை நடந்தாள். அண்ணனும் தங்கையும் ஏதோ பேசினார்கள், காற்றில் எனக்குக் கேட்கவில்லை. ஏறி உட்கார்ந்தாள். அவர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார்.

வெயில் இறங்கி, பாத்திகள் எல்லாம் இளஞ்சிவப்பாகிவிட்டிருந்தன. அவள் கதவின் கைப்பிடியை விடவே இல்லை. நான் அவளைப் பார்க்கவில்லை, கண்ணாடியைத்தான் பார்த்தேன். சட்டை காற்றில் உப்ப மச்சான் வந்துகொண்டிருந்தார். அவர் பின்னால் வருகிற தைரியத்தில்தான் இவள் உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்தது. கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. ஒரு நாய் நிதானமாகச் சாலையைக் கடந்தது. ஒரே மிதி, கார் நின்றது. நாய் போனதும் மறுபடி எடுத்தேன்.

இன்னும் கொஞ்ச தூரம் போய்க் கண்ணாடியைப் பார்த்தபோது பின்னால் யாரும் இல்லை. சாலை மட்டும் நீளமாகக் கிடந்தது.

"உங்க அண்ணனக் காணோமே. நிப்பாட்டவா?" என்றேன்.

"நிப்பாட்டாண்டாம். நான்தான் திரும்பிப் போகச் சொன்னேன்."

"எப்ப?"

"ஏறுததுக்கு முன்னால" என்றாள். கைப்பிடியை விட்டுவிட்டு, காற்றில் பறந்த முடியை இரண்டு கையாலும் அள்ளி முடிந்துகொண்டாள். "'இவுக ஒரு தரம் பிரேக் போடுத வரைக்கும் பின்னால வா. அது போதும், திரும்பிப் போயிரு'ன்னேன்."