கோவளத்தில் குறைந்த மீன்

அவளைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் எல்லோரும் என்னை நல்லவள் என்று பாராட்டும் இடம் ஒன்று வரும். அதை நம்பிவிடாதீர்கள்.

அப்போது அவளும் நானும் செங்கல்பட்டில் எம்.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தோம். நான் மதுராந்தகத்திலிருந்து ரயிலில் வருவேன். வீட்டில் நெல் வியாபாரம். அவள் மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்திலிருந்து பஸ் பிடித்து வருவாள். அப்பா படகில் போகிறவர், அம்மா மீன் விற்கிறவர். வகுப்பில் நாங்கள் இருவரும்தான் ஒட்டிக்கொண்டு திரிவோம். ஒட்டிக்கொண்டு திரிந்தால்தானே பொறாமையும் பக்கத்திலேயே உட்கார வசதி.

கம்ப்யூட்டர் லேபில் இரண்டு பேருக்கு ஒரு மெஷின். லேப் பார்த்துக்கொள்கிறவரை அவள் "அண்ணாத்த" என்று ஒருமுறை கூப்பிட்டால் போதும், ஜன்னலோரத்து நல்ல மெஷின் எங்களுக்கு வந்துவிடும். மவுஸ் அவள் கையில், நோட்டு என் கையில். இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் டி-டெஸ்டைச் சொல்லிக்கொடுத்த அன்று, நான் ஒரு குழுவின் எண்களை மேலிருந்து கீழாக ஒரு பத்தியிலும் இன்னொன்றைப் பக்கத்துப் பத்தியிலும் அழகாக அடித்துவைத்தேன். சாஃப்ட்வேர் ஏற்கவில்லை. அவள் சிரித்துக்கொண்டே எல்லா எண்களையும் ஒரே பத்தியில் இறக்கி, பக்கத்தில் எந்தக் குழு என்பதற்கு ஒன்று, இரண்டு என்று போட்டாள். விடை வந்துவிட்டது. விடையில் இரண்டு வரிகள் இருந்தன. எந்த வரியைப் படிக்க வேண்டும் என்று நான் முழித்தேன். குழுக்களின் சிதறல் ஒரே மாதிரி இருந்தால் மேல் வரி, இல்லையென்றால் கீழ் வரி என்று அவள் போகிறபோக்கில் சொன்னாள். அதை நான் சிவப்பு மையில் எழுதி அடிக்கோடு போட்டேன். அவள் நோட்டே கொண்டுவரமாட்டாள். அதற்காகவும் அவள்மேல் எனக்கு எரிச்சல்.

அந்த வருடம் எங்கள் துறை மேடம் கடற்கரை மீன்பிடிப்பு பற்றி ஓர் ஆய்வு தொடங்கப்போவதாகச் சொன்னார். உதவியாளராக ஒரே ஒரு மாணவியை எடுத்துக்கொள்வார். எங்கள் ப்ராஜெக்டைப் பார்த்து முடிவு செய்வதாகச் சொன்னார். அந்த இடம் எனக்கு வேண்டும். எனக்கு வேண்டும் என்பதைவிட, அவளுக்குப் போய்விடக்கூடாது.

ப்ராஜெக்ட் இருவருக்கும் சேர்த்துத்தான். அவள் ஊர்ப் படகுகளையும் கொஞ்சம் வடக்கே இருக்கும் கோவளத்துப் படகுகளையும் எடுத்து, முந்தின நாள் எத்தனை கிலோ மீன் வந்தது என்று கேட்டு ஒப்பிட வேண்டும். அவள் ஊர் அவளுக்கு. கோவளம் எனக்கு. அங்கே தனக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், கூட வரட்டுமா என்று கேட்டாள். வேண்டவே வேண்டாம் என்றேன். அவள் வந்தால் கோவளமும் அவளுடையதாகிவிடும்.

பத்து நாள் போனேன். மணலில் செருப்பு புதையப் புதைய நடந்து, வலை உதறுகிறவர்கள் முன்னால் நோட்டோடு நின்றேன். எல்லோரும் மரியாதையாகப் பேசினார்கள். ஒருவர் டீகூட வாங்கிக்கொடுத்தார். "நேத்து ஒண்ணும் செரியா கெடைக்கல பாப்பா" என்று பெருமூச்சு விட்டுத்தான் எல்லோரும் கிலோ கணக்கைச் சொன்னார்கள். பாவம் என்று நினைத்தபடி எழுதிக்கொண்டேன்.

லேபில் நான் படிக்கப் படிக்க அவள் டைப் செய்தாள். நடுவில் ஒரு நிமிடம் அவள் கை நின்றது. பிறகு தொடர்ந்தாள். கோவளத்துச் சராசரி அவள் ஊர்ச் சராசரியில் பாதிக்கும் கீழே. இது தற்செயலாக வருகிற வித்தியாசமே இல்லை என்று சாஃப்ட்வேர் அடித்துச் சொன்னது. மேடம் அசந்துபோய், ஆய்வையே கோவளத்திலிருந்து தொடங்கலாமா என்று யோசிக்க ஆரம்பித்தார். செமினாரில் அவளே விளக்கட்டும், அவளுக்குத்தான் தெளிவு என்றார். பத்து நாள் வெயிலில் கறுத்தவள் நான்.

செமினாருக்கு மூன்று நாள் முன்பு அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் உள்ளே துணி மாற்றிக்கொண்டிருந்தாள். வாசலில் அவள் அம்மா சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் கண்டுபிடிப்பைப் பெருமையாகச் சொன்னேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"வெளியாளு நோட்ட தூக்கிகினு வந்து நின்னா எவன் உள்ளத சொல்லுவான்? கண்ணு பட்டுடும்னு பாதிதான் சொல்லுவான். இவ எங்க வூட்டுப் பொண்ணு, இவகிட்ட இன்னாத்துக்கு மறைக்கப் போறாங்கோ?"

கோவளத்தில் மீன் குறையவில்லை. என்னிடம் சொன்ன கணக்குதான் குறைந்திருக்கிறது. நான் ஒப்பிட்டது இரண்டு ஊர்களை அல்ல. வீட்டுப் பெண்ணுக்குச் சொன்ன கணக்கையும் வெளியாளுக்குச் சொன்ன கணக்கையும்தான். அவள் வெளியே வந்தபோது நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் என் பாதி குப்பைக்குப் போகும், அவள் பாதி நிற்கும், இடம் அவளுக்கு. மூன்று நாளும் அதைப் பற்றிப் பேசாமலே இருந்தேன்.

செமினார் அன்று அவள் நீலச் சுடிதாரில் வந்து, ஒரு காகிதம்கூட இல்லாமல் பேசினாள். எந்த வரியைப் படிக்க வேண்டும், ஏன் என்று திரையில் காட்டினாள். கைதட்டினார்கள். "இப்படித்தான் செய்யணும்" என்று மேடம் எல்லோரையும் பார்த்துச் சொன்னார். நான் பக்கத்தில் நின்று ஸ்லைடு மாற்றிக்கொண்டிருந்தேன். அந்தக் கைதட்டல் எனக்குப் பொறுக்கவில்லை. என் பாதி போனாலும் போகட்டும், இவள் கைதட்டல் நிற்க வேண்டும். அந்த நொடியில் என் மனதில் இருந்தது அவ்வளவுதான்.

"மேடம், இந்த ரிசல்ட் தப்பு" என்றேன்.

அவள் அம்மா சொன்னதை, யார் சொன்னது என்று சொல்லாமல் சொன்னேன். குரல் நடுங்கியது. அதுவும் எனக்கு நல்லதாகவே போனது. மேடம் அவளிடம் திரும்பி, நீ அந்தப் பக்கத்துப் பெண்ணாயிற்றே, உனக்கு இந்த வழக்கம் தெரியாதா என்று கேட்டார். அவள் தரையைப் பார்த்தபடி, தெரியும் என்றாள். மேடத்தின் முகம் மாறியது. தெரிந்தும் மறைத்தவளையும் தன் உழைப்பே வீணானாலும் உண்மையைச் சொன்னவளையும் பற்றி ஐந்து நிமிடம் பேசினார். உதவியாளர் யார் என்பதையும் அங்கேயே சொல்லிவிட்டார். இந்தமுறை கைதட்டல் எனக்கு.

வெளியே வராந்தாவில் அவள் வந்தாள். சண்டைக்கு வருகிறாள் என்று பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ நம்பர படிக்கும்போதே எனக்குத் தெரியும்டி. பத்து நாளு வெயில்ல அலைஞ்சிட்டு வந்து கீறே, அத்தினியும் வீணுன்னு எப்பிடி சொல்றதுன்னுதான் வாய மூடிகினு இருந்தேன். நீயே சொல்லிட்டே. எனக்கு அந்த தைரியம் இல்ல."

பொறாமையில்தான் சொன்னேன் என்று அப்போதாவது அவளிடம் சொல்லியிருக்கலாம். மேடத்தின் பாராட்டு இன்னும் காதுக்குள் இனித்துக்கொண்டிருந்தது.

"பரவால்ல, விடு" என்றேன், நான்தான் அவளை மன்னிக்க வேண்டியவள் போல.