தங்கச்சி போட்ட தண்டவாளம்

எங்கள் வீட்டு லேப்டாப்பைத் திறந்தால் முதலில் கரப்பான்பூச்சி வரும். பொடிக் குஞ்சுகள். விசைகளுக்கு நடுவிலிருந்து கிளம்பி, திரையின் ஓரமாக ஏறி, பின்பக்கம் இறங்கி ஒளிந்துகொள்ளும். தங்கச்சிக்குக் கல்யாணம் ஆன பிறகு அதைத் தொட ஆளில்லாமல் அம்மா அடுப்படி அலமாரியில் மிளகாய்ப்பொடி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். நான் பன்னிரண்டாம் வகுப்புப் படித்தபோது பள்ளியில் கொடுத்தது அது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். அதனால் வருஷம் தவறாமல் அப்பா அதற்கு ஆயுத பூஜை பண்ணினார். அவர் வைத்த சந்தனமும் குங்குமமும் கீல் இடுக்கில் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து கறுத்துக் கிடந்தன. நகத்தால் சுரண்டினால் மெழுகு மாதிரி உருண்டு வரும். குமட்டிக்கொண்டு வந்தாலும் அன்றைக்கு உட்கார்ந்து சுரண்டினேன். உள்ளே தங்கச்சியின் உலகம் இருந்தது.

கட்டை கட்டையாக அடுக்கி உலகம் கட்டுகிற கணினி விளையாட்டு ஒன்று உண்டு. மண், கல், மரம், தண்ணீர் எல்லாமே சதுரம். வெட்டி எடுக்கலாம், வேண்டிய இடத்தில் வைக்கலாம். ஜெயிப்பதும் தோற்பதும் கிடையாது. கிருஷ்ணன்கோவிலுக்குக் காலேஜ் பஸ்ஸில் போய்ப் படித்துக்கொண்டிருந்தபோது நான்தான் அதை லேப்டாப்பில் ஏற்றினேன். எனக்குச் சீக்கிரமே சலித்துவிட்டது. தங்கச்சி பிடித்துக்கொண்டாள்.

அது அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த காலம். வேலைக்கு அனுப்பினால் பெண் கறுத்துப்போகும், நாலு பேர் பேசுவார்கள் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்குள்ளேயே அவளை இருத்தி வைத்திருந்தோம். யார் யாரோ வருவார்கள். கேசரியைத் தின்பார்கள், அவளை நடந்து காட்டச் சொல்வார்கள், ஏப்பம் விட்டுக்கொண்டு எழுந்து போவார்கள். ஒரு கிழவர் அவளுடைய பல்லைப் பார்க்க வேண்டும், சிரிக்கச் சொல்லுங்கள் என்றார். மாடு வாங்க வந்தவர் மாதிரி. அவர்கள் போனதும் இவள் பட்டுச் சேலையைக்கூட மாற்றாமல் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து தண்டவாளம் போட ஆரம்பிப்பாள்.

உலகத்தின் நடுவில் எங்கள் ஊர் ஸ்டேஷன். பிளாட்பாரத்தில் ஒரு வேப்பமரம், ஒரு தண்ணீர்த் தொட்டி. அந்த விளையாட்டில் நாயைப் பழக்கி உட்கார வைக்கலாம்; வருகிற வண்டியைப் பார்த்தபடி ஒரு நாயை உட்கார வைத்திருந்தாள். ஸ்டேஷனுக்குப் பின்னால் எங்கள் தெரு, எங்கள் வீடு. நிஜ வீட்டில் இல்லாத ஒரு தனி அறை அதில் அவளுக்கு இருந்தது. அங்கிருந்து இராஜபாளையம், சங்கரன்கோவில், தென்காசி என்று பாதை போய்ச் செங்கோட்டையில் மலையைக் குடைந்து அந்தப் பக்கம் இறங்கும். நிஜத்தில் அவள் சங்கரன்கோவிலைத் தாண்டியதில்லை.

இராஜபாளையத்தில் மாப்பிள்ளை அமைந்தது. நூல் மில்லில் ஷிப்டு சூப்பர்வைசர். பேச்சுவார்த்தையின்போதே, “எங்க வீட்ல கம்ப்யூட்டரெல்லாம் இருக்கு” என்று அவர்கள் பெருமையாகச் சொன்னது என் தங்கச்சியின் காதில் விழுந்திருக்கிறது. கல்யாணமாகிப் போன பிறகு அவள் போனில் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“அண்ணே, எந் தண்டவாளத்தக் கொண்டாந்து இங்க போட்டுத் தருவியா?”

பாத்திரம், பண்டம், சேலை என்று எதுவும் அவள் கேட்கவில்லை. அந்த வீட்டில் அவளுக்கென்று வேண்டியது அது மட்டும்தான் என்று எனக்குப் புரிந்தது.

லேப்டாப் பாதி உயிரில் இருந்தது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் திறந்ததும் ஒரு கரப்பான் அவர் கைமேல் ஏறியது. உதறிவிட்டு, “ஹார்டு டிஸ்க் இழுத்துக்கிட்டு கெடக்கு. ஒரு தடவ எந்திரிக்கும். எந்திரிச்சதும் வேணுங்கிறத எடுத்துக்கிடுங்க, பொறவு நான் பொறுப்பில்ல” என்றார். அப்படியே ஆயிற்று. உலகம் ஒரு ஃபோல்டருக்குள் இருக்கும். அதை அப்படியே எடுத்துப் புதுக் கணினியில் அந்த விளையாட்டு உலகங்களைச் சேமிக்கிற இடத்தில் வைத்தால் போதும். ஃபோல்டரின் பெயர் ‘உ’. எங்கள் பக்கம் எதைத் தொடங்கினாலும் பிள்ளையார் சுழி போட்டுத்தான் தொடங்குவோம். பரீட்சைத் தாள், மளிகைச் சீட்டு, எதுவானாலும். உலகத்துக்கு என்ன பெயர் என்று விளையாட்டு கேட்டபோது தங்கச்சி அதைத்தான் போட்டிருந்தாள். பென்டிரைவில் ஏறி முடித்த கொஞ்ச நேரத்தில் லேப்டாப் கட்டைபோல அடங்கிவிட்டது. நான் வேலை பார்க்கிற கடையில் முதலாளி வெளிப் பென்டிரைவைச் செருக விடமாட்டார் என்பதால் இன்னொரு நகல் எடுத்து வைக்க வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை, பால்கோவா டப்பா ஒன்றை வாங்கிக்கொண்டு நேராக இராஜபாளையம் பஸ் ஏறினேன்.

சம்பந்தி வீடு இருக்கிற தெருவில் பேண்டேஜ் துணி நெய்கிற தறிகள் அதிகம். பஞ்சுத் தூசு பறந்து எல்லாவற்றின் மேலும் உட்காரும். கணினி நடு அறையில் இருந்தது. சாம்பல் நிறத்தில் மயிர் முளைத்த மாதிரி ஆகியிருந்தது. அதன் முன்னால் தங்கச்சியின் கொழுந்தன் பனியனோடு உட்கார்ந்திருந்தான். படிப்பை முடித்துவிட்டு வேலை தேடுவதாகச் சொல்லிக்கொண்டு வீட்டில் இருப்பவன். என்னைவிட ஒரு வயதோ என்னவோ இளையவன், தாடி வைத்தவன்.

“வாங்க அத்தான். டப்பா கனமா இருக்கே, இங்கிட்டு குடுங்க.”

வாங்கிக் கீபோர்டு பக்கத்திலேயே வைத்துத் திறந்தான். விரலால் அள்ளித் தின்றான். நெய் வடிந்த விரலை நக்கினான், அதே விரலால் மவுஸைப் பிடித்தான். மவுஸின் மேல் பஞ்சும் நெய்யும் சேர்ந்து திரண்டுபோயிருந்தது. இது முதல் தடவை இல்லை என்று தெரிந்தது.

“செத்த நேரம் எந்திரிங்க தம்பி. நானே போட்டுக் குடுத்துடுதேன்” என்றேன்.

அதற்குள் அடுப்படியிலிருந்து அத்தை, அதாவது தங்கச்சியின் மாமியார், வந்துவிட்டார்.

“வந்ததும் வராததுமா என்னய்யா வேல? பொண்ணு குடுத்த வீட்டு ஆளு மெக்கானிக்கு மாதிரி குனிஞ்சு கெடந்தா பாக்கிறவுக எங்களத்தான காறித் துப்புவாக? முன்னால போயி உக்காருங்க. மொதல்ல கலர் குடிங்க.”

பெண் கொடுத்தவன் அந்த வீட்டில் சொன்ன இடத்தில் உட்கார வேண்டும், கொடுத்ததைக் குடிக்க வேண்டும். மறுத்தால் அது என்னோடு போகாது, தங்கச்சியின் தலையில் விடியும். கொழுந்தன் என் கையிலிருந்து பென்டிரைவைப் பிடுங்கினான்.

“காப்பி மட்டும் பண்ணுங்க தம்பி. வேற எதையும் தொடாதீக.”

“எனக்கா சொல்லித் தாரீக? ஊருக்கே படம் ஏத்திக் குடுக்கிற கை அத்தான் இது.”

முன் அறையில் மாப்பிள்ளை இருந்தார். பல் குத்திக்கொண்டே பேசினார். குத்தி எடுத்ததை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டார். கொடுத்த கலர் சோடாவை நான் குடித்து முடித்தேன்.

“அப்படி என்ன மச்சான் அதுல? கல்யாணமான நாள்லேருந்து ரயிலு ரயிலுங்கா. பொழுது போகலைன்னா அம்மாகூட உக்காந்து பேண்டேஜ் சுருட்டலாம்லா? ரயில் விடுதாளாம் ரயிலு.”

நான் சிரித்தேன். உண்மையிலேயே பல் தெரியச் சிரித்தேன்.

அப்போது உள்ளிருந்து கொழுந்தன் கத்தினான். “மதினி! ஓடியாங்க! ஒங்க ரயிலு நம்ம கோட்டைக்கே வருது!”

தங்கச்சி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே ஓடிவந்தாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை. நானும் எழுந்து போனேன்.

திரையில் செங்கோட்டை மலை தெரிந்தது. அவள் குடைந்த சுரங்கம்தான். வண்டி வெளியே வந்தது. தென்காசி வந்தது, சங்கரன்கோவில் வந்தது. அதற்கு அப்புறம் தண்டவாளம் அரிவாளால் சீவியது போல ஒரே கோட்டில் நின்றது. கோட்டுக்கு இந்தப் பக்கம் அவள் நட்ட செவ்வந்திப் பூ. அந்தப் பக்கம் கொழுந்தன் கட்டிய, நெருப்புக் குழம்பு வழிகிற கறுப்புக் கோட்டை. கோட்டையின் நடுவில் ஒரு குழி. குழிக்குள் கோழிகளை அடைத்து வைத்திருந்தான். ஒன்றின் உடம்புக்குள் இன்னொன்று புகுந்து, தலையும் சிறகும் எதனுடையது என்று தெரியாமல், வெள்ளையாக ஒரு புண் மாதிரி அசைந்துகொண்டிருந்தது. விடாமல் கொக்கரித்தது.

“நம்ம ஊரு எங்க?” என்று தங்கச்சி கேட்டாள்.

“இதான் மதினி அந்த எடம். எங்கோட்ட அங்கதான இருக்கு.”

கேட்கக் கேட்க விஷயம் வெளியே வந்தது. அவனும் அதே விளையாட்டில் ஓர் உலகம் கட்டி வைத்திருந்தான்; அதற்கும் பெயர் ‘உ’தான். அவனும் பிள்ளையார் சுழி போட்டுத்தான் தொடங்கியிருக்கிறான். ஒரே பெயரில் ஃபோல்டர் இருக்கிறது, உள்ளே இருப்பதை மாற்றவா, விட்டுவிடவா என்று கணினி கேட்டிருக்கிறது.

“எம்பைலு அழிஞ்சிரக் கூடாதுல்லா அத்தான்? அதான் இருக்கிறத அப்படியே விட்டுட்டு, மிச்சத்த மட்டும் ஏத்துன்னுட்டேன்.”

அந்த விளையாட்டு உலகத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, துண்டுக்கு ஒரு ஃபைலாகச் சேமிக்கும்; இரண்டு பேருமே உலகத்தின் நடுவிலிருந்து கட்ட ஆரம்பித்தவர்கள். ஆகவே நடுவில் அவன் கோட்டை அப்படியே இருந்தது. எங்கள் ஸ்டேஷன், வேப்பமரம், நாய், வீடு, அவளுடைய அறை எதுவும் ஏறவில்லை. ஓரத்துத் தண்டவாளம் மட்டும் வந்து ஒட்டிக்கொண்டது.

“சரி, ஏறாதது பென்டிரைவுலதான இருக்கும்?” என்றேன். என் குரல் எனக்கே பிச்சை கேட்பது போல இருந்தது.

“அதுல என்னமோ கொஞ்சம் குப்ப கெடந்துச்சு. தொடச்சுட்டு ஒரு படம் ஏத்திட்டேன். ஒரு பய சாயங்காலத்துக்கு வேணும்னான்.”

“நான் காப்பி பண்ணத்தான சொன்னேன்?”

“காப்பி பண்ணா எடத்த அடைக்கும் அத்தான். நம்ம எப்பவுமே கட் பண்ணி பேஸ்ட்டுதான்.”

சொல்லிவிட்டு டப்பாவுக்குள் மறுபடி விரலை விட்டான். அழித்தது எனக்கு இரண்டாம் பட்சமாகிவிட்டது. அந்த விரலைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. பென்டிரைவைப் பிடுங்கி, அழிந்ததை மீட்கிற மென்பொருள் ஒன்றை இறக்கி ஓட்டிப் பார்த்தேன். மவுஸ் என் உள்ளங்கையில் ஒட்டி ஒட்டி விட்டது. படம் அதே இடத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது. கிடைத்தவை எதையும் திறக்க முடியவில்லை.

மாப்பிள்ளை கதவில் சாய்ந்து நின்றார். “அதான் ரயிலு வந்திருச்சுல்லா? ஒன்னாச் சேந்திருச்சு, நல்லதுதான?”

மாப்பிள்ளையும் கொழுந்தனும் சிரித்தார்கள். “பரவால்ல மாப்ள” என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்துதான் வந்தது. பள்ளிக்கூடம், காலேஜ், அப்பாவின் சந்தனம் குங்குமம் எல்லாம் சேர்ந்து எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தது இந்தப் பல்லிளிப்பைத்தானா என்று என்மேலேயே ஓங்கரித்துக்கொண்டு வந்தது.

தங்கச்சி என்னை நகரச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். வண்டியை மறுபடி ஒரு முறை செங்கோட்டையிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தாள். கோட்டில் நிறுத்தினாள். கோழிக் குழியைச் செத்த நேரம் பார்த்தாள். அப்புறம் வெளியே வந்து, உலகங்களின் பட்டியலில் ‘உ’ மேல் வைத்து அழி என்று அழுத்தினாள். நிச்சயமாகவா, திரும்பக் கிடைக்காது என்று விளையாட்டு கேட்டது. அதையும் அழுத்தினாள்.

“மதினி! எங்கோட்ட!” கொழுந்தன் தலையில் கை வைத்தான். “எம்புட்டு நாளாக் கட்டுனேன் தெரியுமா?”

“தெரியும் தம்பி” என்றாள் தங்கச்சி.

“ஏட்டி, என்ன பண்ணித் தொலைச்ச?” என்றார் மாப்பிள்ளை.

“எடத்த அடைச்சுக்கிட்டு கெடந்துச்சு. தொடச்சுட்டேன்.”

கொழுந்தனின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தாடி வைத்த ஆள், பால்கோவா ஒட்டிய வாயோடு அழுதான். அவன் அழுகையும் எனக்கு அருவருப்பாகத்தான் இருந்தது; இரக்கப்பட முயன்றும் முடியவில்லை.

அத்தை அடுப்படியிலிருந்து, “எல போட்டாச்சு, கோழிக் கொழம்பு ஆறுது, வாங்கய்யா” என்றார். அறையில் நடந்தது அவருக்குத் தெரியாது. குழம்பு வாசனை வந்தது. எனக்கு அந்தக் குழி ஞாபகம் வந்தது. ஆனாலும் போய் உட்காரத்தான் கிளம்பினேன். சம்பந்தி வீட்டில் இலை போட்ட பிறகு எழுந்து போகிறவன் உறவை அறுத்துக்கொண்டு போகிறவன்.

தங்கச்சி என் கையைப் பிடித்தாள்.

“நீ இங்க சாப்பிட வேண்டாம்ணே. கெளம்பு.”

மெதுவாகச் சொல்லவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னாள். அத்தை கரண்டியோடு வாசல்படியில் வந்து நின்றார். மாப்பிள்ளை வாயில் குச்சி அப்படியே நின்றது. மருமகள் தன் அண்ணனை, போட்ட இலையில் கை நனைக்காமல் அனுப்புவது அந்தத் தெரு முழுக்கப் பேசப்படும். நான் பஸ் ஏறிவிடுவேன். அவள் இங்கேதான் இருக்க வேண்டும்.

“நீ என்ன பண்ணுவ?” என்று அவளுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டேன்.

“நான் சாப்பிடுவேன். எனக்குப் பசிக்கி.”

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். ஆண்கள் யாரும் உட்காருவதற்கு முன்னால், எனக்காகப் போட்டிருந்த இலையில் அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சோற்றில் குழி பறித்துவிட்டு, அத்தையை நிமிர்ந்து பார்த்தாள்.

“கொழம்பு ஊத்துங்கத்த.”