தாருக்குள் கிடந்த எண்

அனுசியா ஆத்தூரில் ஆட்டோ ஓட்டுகிறாள். வெற்றிலைக் கொடிக்காலில் கூலிக்குப் போய்ச் சேர்த்த பணத்தில் பழைய வண்டியாக வாங்கியது. காலையில் ஏழு பள்ளிப் பிள்ளைகள், அப்புறம் வெற்றிலைக் கட்டு, இடையில் நான். முட்டுவலிக்காரி எனக்கு எங்கே போகவும் அவள் வண்டிதான்.

ஒரு வியாழக்கிழமை அவள் போனுக்கு வண்டிக் கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. எனக்கு எழுத்துத் தெரியாது, அவள்தான் வாசித்தாள். அவள் வண்டி செய்த வருடத்து ஆட்டோ சிலவற்றில் ஸ்டியரிங் தண்டின் வெல்டிங் சரியில்லையாம். ஓட்டத்தில் விட்டுப்போகலாமாம். கொண்டுவந்தால் காசு வாங்காமல் மாற்றித் தருவார்களாம்.

“ஓசியா மாத்துதானாம்! எவனோ ஏமாத்துக்காரன், ஆச்சி.”

எனக்கு வேறொன்று மண்டையைக் குடைந்தது. நேற்றுவரை நன்றாக ஓடிய வண்டியில் குறை இருப்பது, அதைக் கண்ணால் பார்க்காதவனுக்கு எப்படித் தெரியும்?

“போய்க் கேப்போம். அதுவரைக்கும் நான் இதுல ஏற மாட்டேன்.”

“ஏறாட்டி நடங்க.”

“நான் நடந்துருவேன்ளா. அது விட்டுப்போச்சுன்னா உள்ள இருக்க ஏழு பிள்ளையளும் என்னாவும்?”

அவள் மறுநாள் பிள்ளைகளை வேறு ஆட்டோவில் ஏற்றிவிட்டாள். சனிக்கிழமை தூத்துக்குடிக்கு வண்டியை மெல்ல ஓட்டிக்கொண்டு போனாள். சொன்ன சொல் சொன்னதுதான், நான் பஸ்ஸில் போனேன்.

ஒர்க்ஷாப்பில் டிக்சன் என்ற மெக்கானிக் சீட்டைத் தூக்கிப் பார்த்துத் தலையில் கைவைத்தான். அங்கே இரும்பில் கம்பெனி வெட்டியிருக்கும் வண்டி எண்ணைக் காணோம். ஒரே தார். உப்புக் காற்று அரிக்குமே என்று அனுசியாதான் வாங்கிய கையோடு பூசியிருந்தாள். இந்தக் கரையில் யார்தான் பூசவில்லை?

“நம்பர் ஆர்சி புக்குல இருக்குல்லா?” என்றாள் அனுசியா.

“புக்கு போதாதுக்கா. இரும்புல இருக்கதப் படம் புடிச்சு அனுப்பணும். இல்லன்னா கம்பெனிக்காரன் புதுத் தண்டு தரமாட்டான். சுத்தம் பண்ணிட்டு இன்னொரு நாளு வாங்க.”

“நான் இங்கனதான் இருப்பேன்,” என்று டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அனுசியா தாரைச் சுரண்ட ஒரு கத்தியை எடுத்தாள். டிக்சன் பாய்ந்து வந்தான். “சுரண்டாதிய! நம்பர் சிதைஞ்சா உங்க வண்டின்னு நீங்களே சொல்ல முடியாது.”

டீசல் துணியால் ஆளுக்கொரு பக்கம் தேய்த்தோம். இரண்டு மணி நேரம். ஒவ்வொரு எழுத்தாகக் கண் விழித்தது. கடைசி எண் தெரிந்ததும் டிக்சன் படம் எடுத்தான். பிற்பகலில் தண்டு மாறியது.

கழற்றியதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை.

“நல்லாத்தானலே இருக்கு?”

“இருக்கும் ஆச்சி. வேற ஊருல ரெண்டு வண்டில விட்டுப்போச்சு. அதுகளுக்கு எந்த நாள்ல வெல்டிங் பத்த வச்சதுன்னு கம்பெனிக்காரன் கணக்கெடுத்து, அந்த நாள்ல செஞ்ச அம்புட்டையும் கூப்பிடுதான். இது விடாமலும் போவலாம். விட்ட பொறவுதான் தெரியும்.”

அப்படியா சங்கதி! என் மண்டையைக் குடைந்ததற்குப் பதில் கிடைத்தது. அனுசியாதான் அந்தத் தண்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஆத்தூர்ல இன்னும் ரெண்டு வண்டி லிஸ்டுல இருக்கு. கூப்பிட்டா ரெண்டு பேரும் வர மாட்டேங்கானுவ,” என்றான் டிக்சன். அனுசியா இரண்டின் எண்ணையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

திரும்பும்போது நானும் ஆட்டோவில் ஏறினேன். நேரே ஆத்தூர் ஆட்டோ ஸ்டாண்டுக்கு விட்டாள். லிஸ்டில் இருந்த ஒரு வண்டி முத்துக்குமரனுடையது. அவன் அதற்குள்ளேயே காலை நீட்டிப் படுத்திருந்தான்.

“என்னக்கா, ஓசில கம்பெனிக்காரன் மாலை போட்டானா?”

“எந்திரில.” அவனை இறக்கிவிட்டுச் சீட்டைத் தூக்கினாள். உள்ளே பளபளவென்று தார். “பொறவு சிரி. மொதல்ல டீசலும் துணியும் கொண்டா. நீ தேய்க்கியா, நான் தேய்க்கட்டுமா?”