பிந்தி எழும்பிய அலை

போன வருஷம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பாதையிலிருந்து இறங்குகையில் வழுக்கி விழுந்து கணுக்கால் எலும்பை உடைத்துக்கொண்டேன். பாதை என்று எங்கள் பக்கத்தில் சொல்வது, வாவியின் இக்கரைக்கும் அக்கரைக்கும் ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிப் போகும் மிதவையை. ஆறு கிழமை, நாற்பத்திரண்டு நாள், மாவுக்கட்டு. கணிதம் படிப்பிக்கிற எனக்கு நாள் முழுக்கக் கரும்பலகைக்கு முன்னால் நின்றுதான் பழக்கம். கட்டிலில் கிடந்து ஓட்டுக்கூரையைப் பார்ப்பது இரண்டாம் நாளே பொறுக்கவில்லை.

அப்போது தம்பி லீவில் வந்து நின்றான். ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்தில் அவனுக்குப் பராமரிப்பு வேலை. திரும்பிப் போகும் அன்று, சவர்க்காரப் பெட்டி அளவில் ஒரு விளையாட்டுக் கருவியை என் கையில் வைத்தான்.

“அக்கா, ஜப்பான்காரர் ஒரு காலம் வீட்டுக் கம்பியூட்டர்ல விளையாடின கேம் எல்லாம் இதுக்குள்ள இரிக்கு. உங்களுக்குப் பொழுது போகும்.”

“எனக்கு அந்தப் பாசை ஒரு எழுத்தும் தெரியாதேடா.”

“கணக்குத் தெரியும்தானே. அது காணும், வேற ஒண்டும் வேணாம்.”

முதல் சில நாள் ஒன்றும் பிடிபடவில்லை. ஒன்றில் விமானங்கள் சுட்டன. இன்னொன்றில் ஒரு வீட்டின் படமும் பக்கம் பக்கமாக எழுத்தும். மூடி வைக்கலாம் என்று நினைத்தபோதுதான் அந்த ஒன்று திறந்தது. தண்ணீரில் மூழ்கிய ஒரு பட்டணம். கூரைகள் மட்டும் வெளியே தெரிகின்றன. ஓலைத்தொப்பி போட்ட ஒரு பெண் சிறு தோணியைக் கம்பு ஊன்றித் தள்ளிக்கொண்டு அவற்றுக்கிடையே போகிறாள். வானம் அந்தி மங்கல். நான் எந்தப் பொத்தானையும் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அந்தக் கம்பியூட்டரில் ஒரே நேரத்தில் பதினாறு நிறம்தான் காட்டலாம் என்று தம்பி சொல்லியிருந்தான். என்னால் நம்ப முடியவில்லை. கருவியை மூக்குக்குக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தேன். நீலப் புள்ளி, இளஞ்சிவப்புப் புள்ளி, மறுபடி நீலம், மறுபடி சிவப்பு. கையைத் தள்ளிப் பிடித்ததும் புள்ளிகள் மறைந்து, பெயர் சொல்ல முடியாத ஒரு நிறம் வந்தது. யாரோ ஒருவர் ஒவ்வொரு புள்ளியாக எண்ணி இதை வைத்திருக்கிறார். அந்த விளையாட்டு முழுவதும், பட்டணமும் இசையும் மழையும் சேர்த்து, என் போனில் எடுக்கும் ஒரு படத்தைவிடச் சிறியது என்று அறிந்தபோது கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

ஓரிடத்தில் படம் அப்படியே நின்றுவிட்டது. திரையில் ஒரு வரி எழுத்து மட்டும். இரண்டு நாள் முயன்றுவிட்டுத் தம்பியை வீடியோவில் அழைத்துக் காட்டினேன். அவன் சிரித்தான். “இரண்டாவது டிஸ்க்கைப் போடச் சொல்லுது அக்கா. அந்தக் காலத்து மெஷின் எண்டு நினைச்சுக் கேக்குது.” மெனுவில் மாற்றினேன். பட்டணம் தொடர்ந்தது.

வரைபுத்தாளில் பட்டணத்தின் வரைபடத்தைக் கீறத் தொடங்கினேன். தாள் தாளாக ஒட்டிச் சுவரில் தொங்கவிட்டேன். நடுவில் ஒரு கோபுரம். அதைச் சுற்றி எங்கும் கற்சுவர். பதினொரு நாள் சுற்றினேன், வழி இல்லை. மற்ற இடமெல்லாம் பார்த்தாயிற்று; கோபுரத்துக்குள் போகாமல் கதை முடியாது.

என் கணவர் ஆற்றில் வலை போடுபவர். வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். விடிய வந்து உறங்கி, பின்னேரம் எழும்பித் தேத்தண்ணியோடு கட்டிலோரம் இருப்பார். விளையாட்டில் அவருக்கு விருப்பமில்லை. அன்று என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தவர், “அந்த இடத்தில கொஞ்சம் நில்லு புள்ள” என்றார்.

“இஞ்ச ஒண்டும் இல்ல. சுவர்தான்.”

“சுவரைப் பாக்காத. தண்ணியைப் பாரு. மத்த அலையெல்லாம் ஒண்டா எழும்பி ஒண்டா விழுது. சுவரடியில இந்த ஒரு துண்டு மட்டும் பிந்தி எழும்புது.”

நான் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு அலைகளை எண்ணினேன். அரை நொடி பிந்துகிறது. அவ்வளவுதான்.

“அதுக்கென்ன?”

“கீழ பள்ளம். தண்ணி உள்ளுக்குப் போய் வருது. நம்மட ஆத்திலயும் அப்பிடித்தான் இரிக்கும்.”

தோணியைச் சுவரில் முட்டக் கொண்டுபோய், கம்பை ஊன்றும் பொத்தானை அந்தத் துண்டின் மேல் அழுத்தினேன். கம்பு தரையில் முட்டவில்லை. இறங்கிக்கொண்டே போனது. பெண் தொப்பியைக் கழற்றித் தோணியில் வைத்துவிட்டு நீருக்குள் குதித்தாள். திரை கறுத்தது. பிறகு ஒரு பெரிய மண்டபம், தூண்களுக்கு நடுவே மேலிருந்து விழும் வெளிச்சம், அதில் நீந்தும் மீன்கள். அதுவரை கேட்காத ஓர் இசை. அவருடைய தேத்தண்ணி ஆறிப்போனது.

மறுநாள் கதை முடிந்தது. கடைசியில், விளையாட்டைச் செய்தவர்கள் என்று தம்பி பிறகு சொன்ன மூன்று பெயர்கள் மட்டும் வந்தன. படம், இசை, மிச்சமெல்லாம் மூன்று பேர்.

தம்பியிடம் சொன்னேன். அவன் தன்னோடு வேலை செய்யும் சமையற்காரரிடம் சொல்லியிருக்கிறான். ஐம்பது கடந்த மனிதர், இளவயதில் அதே விளையாட்டை அதே கோபுரத்துக்கு வழி தெரியாமல் கைவிட்டவராம். ஞாயிறு பின்னேரம் இருவரும் வீடியோவில் வந்தார்கள். நான் கருவியைப் போனுக்கு முன்னால் பிடித்து, சுவரடிக்குப் போய்க் குதித்தேன். மண்டபம் வந்ததும் சமையற்காரர் தன் வெள்ளைத் தொப்பியைக் கழற்றினார். திரைக்குக் கிட்டக் குனிந்து பார்த்தார். பிறகு ஏதோ கேட்டார்.

“எப்பிடிக் கண்டுபிடிச்சீங்க எண்டு கேக்கிறார்” என்றான் தம்பி.

கணவரைப் போனுக்கு முன்னால் இழுத்தேன். அவர் கூச்சத்தோடு, பள்ளத்துக்கு மேல் நீர் எப்படி அசையும் என்று கையால் காட்டினார். தம்பி மொழிபெயர்க்கத் தொடங்கினான். அதற்குள்ளேயே சமையற்காரர் புரிந்ததாகத் தலையை ஆட்டிவிட்டு, இடுப்பு வளைய என் கணவரை வணங்கினார். இவரும் எழுந்து நின்று கைகூப்பினார்.

“அந்த அலையைக் கீறின ஆள் கட்டாயம் தண்ணிக்குப் பக்கத்தில இருந்த ஆள்தான்” என்று தம்பியிடம் சொன்னார். “சும்மா நினைச்சு அதைக் கீற ஏலாது.”