பதில் சொல்லாத கறுப்புத் திரை

எங்கள் நர்சிங் கல்லூரி அலுவலகத்தில் அவருக்கு 'ரிமைண்டர் அக்கா' என்று பெயர். பதினேழு வருஷம் தபால் பிரிவில் இருந்துவிட்டு, போன மாதம்தான் கம்ப்யூட்டர் மேஜைக்கு வந்தவர். தபாலில் இருந்தபோது, அனுப்பிய கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் இன்னொன்று அனுப்புவார். அதற்கும் வராவிட்டால் மூன்றாவது. பதில் வாங்காமல் விட்டதாகச் சரித்திரமே இல்லை.

பழைய வெப்சைட் கெட்டுப்போனதும் சூப்பிரண்டு அவரைத்தான் பிடித்தார். "அஞ்சு மணிக்குள்ள அட்மிஷன் லிஸ்ட் புதுசுல தெரியணும்மா. இல்லேன்னா வெளியாள்கிட்ட குடுத்துடுவேன். நீங்க பழையபடி தபாலுக்குப் போயிடலாம்."

ஜன்னலே இல்லாத அந்தத் தபால் அறைக்குத் திரும்ப அக்காவுக்குத் துளியும் மனசில்லை.

புது வெப்சைட்டுக்கான மென்பொருளை விற்றவர் போனை எடுக்கவில்லை. இரண்டு பக்கத் தாள் மட்டும் அனுப்பியிருந்தார். கறுப்புத் திரையைத் திறந்து, தாளிலுள்ள கட்டளைகளை வரிசையாக அடித்தால், வெப்சைட்டை நடத்தும் மென்பொருள் ஏறிக்கொள்ளுமாம். அக்கா முதல் வரியை அடித்து எண்டரைத் தட்டினார். திரை வாயே திறக்கவில்லை. பக்கத்து மேஜையில் இருந்த என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, போச்சா போகலையா?"

"தெரியலையேக்கா."

"டிகிரி படிச்ச ஆளுதானே நீ?"

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான்தான். சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம். "நான் வரலாறுக்கா," என்றேன்.

"அப்போ பழைய கம்ப்யூட்டராவது தெரியணுமே!"

அதே வரியை மறுபடி அடித்தார். 'ஏற்கெனவே இருக்கிறது' என்று ஆங்கிலத்தில் வந்தது.

"முதல்ல கேட்டா கம்முனு இருக்கு. திரும்பக் கேட்டா ஏற்கெனவேங்குது. நம்ம தலைமை ஆபீஸேதான்."

எந்த வரி என்ன செய்ததென்று இருவருக்கும் புரியாமலேயே, மூன்றரை மணிக்கு வெப்சைட்டின் முகப்பு எழுந்துவிட்டது. பாக்கி கடைசி வரி: நாற்பது பெயர்ப் பட்டியலை ஏற்றுவது. அடித்தார். மௌனம். ஒரு ரிமைண்டர். மௌனம். இன்னொன்று. இந்த முறை 'ஏற்கெனவே' என்றுகூடச் சொல்லவில்லை.

நாலரைக்கு ஒரு அப்பா போனை நீட்டிக்கொண்டு கவுன்ட்டருக்கு வந்தார். "சார், என் பொண்ணு பேரு மூணு எடத்துல இருக்கு. மூணு சீட்டா?"

நாற்பது இடத்துக்கு நூற்று இருபது பெயர்கள். சூப்பிரண்டு எட்டிப் பார்த்தார். "என்னம்மா, பக்கத்துக் கட்டடத்தையும் வாங்கிட்டோமா?"

அக்கா தாளைத் திருப்பினார். இரண்டாம் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது: 'வேலை முடிந்தால் திரை எதுவும் சொல்லாது. தவறினால் மட்டுமே பேசும்.'

"படுபாவி, இதைத்தானே முதல் வரியா எழுதியிருக்கணும்!"

பட்டியலைக் காலி செய்யும் வரியும் அங்கேயே இருந்தது. அடித்தார். பிறகு ஒரே ஒரு முறை ஏற்றினார். மௌனம். விரல் தானாக எண்டருக்குப் போனது.

"தம்பி, என் கையைப் பிடிச்சுக்கோ."

பிடித்துக்கொண்டேன். நாலு ஐம்பத்திரண்டுக்கு அந்த அப்பா, "ஒரே ஒரு எடத்துலதான் இருக்கு, போதும்," என்று சிரித்தார். சூப்பிரண்டு திரையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் தன் அறைக்குள் போய்விட்டார்.

"என்ன தம்பி, வாயே திறக்காமப் போறாரு? நான் இங்கயா, தபாலா?"

"ஒண்ணும் சொல்லலேன்னா முடிஞ்சுதுன்னு அர்த்தம்க்கா."

"அது மெஷினுக்கு. மனுஷனுக்குமா?"

எழுந்து சூப்பிரண்டின் கதவுவரை போனார். தட்டக் கையைத் தூக்கினார். அந்த ரிமைண்டரைப் போடாமலே கையை இறக்கி, திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.