நான்கு நாள் வீட்டின் மெயின் ஸ்விட்ச்

ஜூன் முதல் வாரம், காலை ஆறு மணி. டெல்லி மோதி பாக்கில் எங்கள் சந்துக்குள் கேரவன் நுழையவில்லை. முனையில், அப்பா துணி தேய்க்கும் மேஜைக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொன்னோம். சினிமாக்காரர்கள் உட்காரும் வண்டி என்று மட்டும்தான் அப்பாவுக்குத் தெரியும். ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல எந்த நடிகைடி வர்றா?" என்றார். உன் பொண்டாட்டிதான் என்றேன். அம்மா வெட்கத்தில் மாவுத் தூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

டெல்லியிலிருந்து ரிஷிகேஷ் ஏறக்குறைய இருநூற்று நாற்பது கிலோமீட்டர். ஓட்டுநரோடு சேர்த்து வாடகை நாளுக்கு ஒன்பதாயிரம் ரூபாய், என் சொந்தச் சம்பளம். அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூட வாசலை மிதித்தது என்னைக் கொண்டுபோய் விடத்தான். நான் எலெக்ட்ரிக்கல் படித்து இன்று ஒரு துணைமின் நிலையத்தில் ஜூனியர் இன்ஜினியர். அம்மா இருபத்திரண்டு வருடங்களாக சரோஜினி நகரில் நான்கு வீடுகளில் சமைக்கிறாள். இத்தனை வருடத்தில் அவள் ஆசை என்று வாய்விட்டுச் சொன்னது ஒன்றுதான்: கங்கையைப் பார்க்கணும். அதற்காக முதல்முறையாகச் சேர்ந்தாற்போல் நான்கு நாள் லீவு கேட்டு வாங்கியிருந்தாள்.

உள்ளே கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், மின்விசிறி எல்லாம் காட்டினேன். வண்டி ஓட ஒரு பேட்டரி, வீட்டுக்குத் தனியாக இன்னொன்று. கதவோரம் ஒரு சின்னக் கறுப்பு ஸ்விட்ச் இருந்தது. இதுதான் இந்த வீட்டுக்கு மெயின், மேலே அழுத்தினால் கரண்ட் வரும், கீழே அழுத்தினால் மொத்தமும் நிற்கும் என்றேன். அம்மா அதைத் தொடவில்லை. ஆனால் ஃபிரிட்ஜைவிட அதைத்தான் அதிக நேரம் பார்த்தாள்.

சரோஜினி நகர் பிள்ளையார் கோயிலில் வண்டிக்குப் பூஜை. நான் தேங்காய் வாங்கப் போய்த் திரும்புவதற்குள் அம்மா ஸ்டியரிங், கண்ணாடி, அடுப்பு என்று எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்து முடித்திருந்தாள். நான்கு எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு கிளம்பினோம்.

லாஜ்பத் நகர் தாண்டும்போதே பின்னால் புழுக்கம். விசிறி நின்றிருந்தது. ஃபிரிட்ஜைத் திறந்தால் உள்ளே விளக்கு எரியவில்லை, மாவு மட்டும் தூக்கின் மூடியைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்தது. சராய் காலே கான் பக்கத்தில் ஒரு பெட்ரோல் பங்க்கில் ஓரங்கட்டச் சொன்னேன். கதவோர ஸ்விட்சை மேலே அழுத்தினேன். மறுபடி அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை.

ஓட்டுநர் சத்பீர், ஹரியானாவின் ரோத்தக் ஊர்க்காரர். வண்டி முதலாளிக்கு போன் போட்டார். வண்டியைத் திருப்பிக் கொண்டுவாருங்கள், மெக்கானிக் நாளைக்குத்தான், மாற்று வண்டி இல்லை என்று பதில் வந்தது. நான் போனை வாங்கி என்ன வேலை பார்க்கிறேன் என்று சொன்ன பிறகு, நானே சரிசெய்து பார்க்க ஒரு மணி நேரம் கிடைத்தது.

"விடுடி," என்றாள் அம்மா. "மாவை எதுனா ஒரு வீட்டுல ஊத்திக் குடுத்துட்டு நாளைக்கே வேலைக்குப் போயிடறேன்." அவள் வருத்தப்பட்டிருந்தால்கூடத் தேவலை. ஏதோ எதிர்பார்த்ததுதான் என்பது மாதிரிச் சொன்னாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"கரண்ட் ஆபீஸ் இன்ஜினியர் வர்ற வண்டியிலயே கரண்ட் இல்ல," என்று அப்பா சத்பீரிடம் தன் இந்தியில் சொல்ல, இருவரும் சிரித்தார்கள். கைப்பையிலிருந்து வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்ததும் சிரிப்பு கொஞ்சம் அடங்கியது.

வீட்டு பேட்டரியில் 12.7 வோல்ட். நல்ல பேட்டரி. அதிலிருந்து வரும் தடித்த ஒயர், படிக்குக் கீழே கைமுட்டி அளவு ரிலே ஒன்றுக்குப் போகிறது. கதவோர ஸ்விட்ச் நேராகக் கரண்டை விடுவதில்லை. ஒரு நொடி உத்தரவு மட்டும் கொடுக்கும், ரிலேதான் கதவைத் திறக்கிற மாதிரித் திறந்துவிடும். ரிலேயின் இந்தப் பக்கம் 12.7, அந்தப் பக்கம் பூஜ்யம். கரண்ட் அங்கேதான் நிற்கிறது. ரிலே செத்துவிட்டதா, அல்லது உத்தரவே அதற்கு வரவில்லையா?

அப்பாவை ஸ்விட்சை அழுத்தச் சொல்லிவிட்டு ரிலே மேல் விரலை வைத்துக் காத்திருந்தேன். துடிப்பே இல்லை. பிறகு ஃபியூஸ் கோத்த ஒரு துண்டு ஒயரால், தடித்த முனைகள் பக்கமே போகாமல், உத்தரவு வரும் சின்ன முனைக்கு ஒரு நொடி மட்டும் கரண்ட் கொடுத்தேன்.

டக்.

உள்ளே விசிறி சுற்றியது. "வந்துருச்சு, வந்துருச்சு," என்று அப்பா பங்க் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். ஆக ரிலே நன்றாக இருக்கிறது, கோளாறு ஸ்விட்சில்தான். இப்படியே ஓட்டிப் போகலாம்தான். ஆனால் ஏதாவது புகைந்தால் அணைக்க வழியில்லாத வீட்டில் என் அம்மாவைத் தூங்க வைக்க மாட்டேன்.

பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, இரண்டு திருகுகளை எடுத்து ஸ்விட்சை வெளியே இழுத்தேன். இடுக்கெல்லாம் மஞ்சளாகக் காய்ந்திருந்தது. முகர்ந்து பார்த்தேன். சந்தனம்.

கோயிலில் அம்மா மற்ற இடங்களுக்கு ஒரு பொட்டு வைத்தவள், மெயின் ஸ்விட்சுக்கு மட்டும் கட்டை விரலால் அப்பியிருக்கிறாள். அந்த அழுத்தலில்தான் வீடு அணைந்திருக்கிறது. வெயிலில் காய்ந்த சந்தனம் திரும்பப் போட விடவில்லை.

அம்மாவின் முகம் சுருங்கியது. "சாமிக்கு வெச்சது கெடுதலாப் போச்சா?"

"சாமிக்கு ஒண்ணும் ஆகல. நீதான் ஸ்விட்சுக்கு வயிறு முட்ட ஊட்டிட்ட," என்றேன்.

"அவளுக்கு யாருக்குமே கொஞ்சமாப் போட்டுப் பழக்கம் இல்ல," என்றார் அப்பா. அம்மா சிரித்துவிட்டாள்.

அவள் பையிலிருந்த சானிடைசர், அப்பாவின் பல் துலக்கும் பிரஷ். அப்பா பிரஷ் போனதற்கு மட்டும் வருத்தப்பட்டார். சுத்தம் செய்து, நன்றாக உலர விட்டு, ஸ்விட்சை அதன் இடத்தில் பொருத்தி, பேட்டரியை இணைத்தேன். "நீயே போடும்மா." அவள் மேலே அழுத்தினாள். படிக்குக் கீழே டக். சத்பீர் முதலாளிக்கு போன் செய்து, "மேடம்ஜி நே டீக் கர் தியா," மேடம் சரிசெய்துவிட்டார் என்று, தானே சரிசெய்த மாதிரிப் பெருமையாகச் சொன்னார். எட்டரைக்கு யமுனையைத் தாண்டினோம்.

வழியில் கதௌலியில் நிறுத்தி, பொங்கி வழிந்த மாவில் இட்லி வார்த்தோம். சத்பீர் எட்டு சாப்பிட்டார். மூன்று மணிக்கு ரிஷிகேஷ். வண்டி நிறுத்துமிடத்திலிருந்தே பச்சையாகத் தண்ணீர் தெரிந்தது. கங்கையை நோக்கி அம்மா ஓடுவாள் என்று நினைத்தேன். அவள் கதவோரம் நின்று ஸ்விட்சைக் கீழே அழுத்தினாள். விசிறி நின்றது. மேலே அழுத்தினாள், சுற்றியது. மறுபடி கீழே.

"விளையாடாத, ரிலே போயிடும்," என்றார் அப்பா, காலையில் கற்ற வார்த்தையை விடாமல்.

மோதி பாக்கில் நாங்கள் இருப்பது ஒரு பங்களாவின் பின்னறை. அந்த அறைக்கு மெயின் ஸ்விட்ச் பங்களா வராந்தாவில், பூட்டுக்குள் இருக்கிறது. பெரிய வீட்டார் ஊருக்குப் போனால் அதை அணைத்துவிட்டுத்தான் போவார்கள். என் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையில் பாதியை மெழுகுவர்த்தியில் படித்தேன்.

"என் வீட்டு ஸ்விட்ச். நான் போடுவேன், அணைப்பேன். நாலு நாளைக்கு யாரும் கேக்கக் கூடாது," என்றாள் அம்மா. அணைத்தாள். ஸ்விட்ச் மேல் படாமல், பக்கத்துப் பலகையில் கடுகளவு சந்தனம் வைத்தாள். கதவைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, எங்களுக்கு முன்னால் படியிறங்கிப் போனாள்.