கோயில் கதவு திறக்குமுன் நான் கேட்ட பாடல்

செங்கலடிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் சங்கீதச் செயன்முறைப் பரீட்சைக்குப் பரீட்சகராகச் சென்றிருந்தேன். கிராமியப் பாடலுக்கு எல்லாப் பிள்ளைகளும் ஆசிரியை பழக்கிய ஒரே தாலாட்டையே பாடினர். சலித்துப்போனேன். உன்னிச்சையிலிருந்து வந்த மாணவியும் அதையே தொடங்க, கையமர்த்தினேன்.

"இது வேணாம் புள்ள. அம்மன் குளிர்த்திப் பாட்டுத் தெரியுமா?"

"தெரியும் சேர். ஆனா வருசத்துக்கு ஒருக்காச் சடங்குக்குக் கோயில் கதவு திறந்தாத்தான் பாடுற. இஞ்ச பாடப்படா."

"அப்ப அம்மனையும் சோதனைக்குக் கூட்டி வந்திருக்கலாமே!"

உடனிருந்த பரீட்சகர் சிரித்தார். அவள் தலைகுனிந்து நின்றாள். அப்பகுதிக்குப் பூச்சியம் இட்டேன்.

திருமுறை ஓதாமல் உணவு கொள்ளாதவன் நான். அம்மனின் சினம் தணிக்கும் அப்பாடலுக்கென அவள் சொன்ன நியமத்தைச் சிறுவயது முதலே அறிந்தவன். அறிந்தும் கேட்டேன்.

அடுத்த வைகாசிச் சடங்கில் அவளூர்க் கோயிலுக்குப் போனேன். திறந்த கதவின் முன், பெண்களோடு சேர்ந்து அவள் அதே பாடலைப் பாடிக்கொண்டிருந்தாள். சுருதி இம்மியும் விலகவில்லை. என் கண்கள் நிறைந்தன.

அருகில் நின்ற அவள் தாய்க்கு என்னைத் தெரியாது. "நல்லாப் பாடுறாவே, சங்கீதம் படிக்கிறாவா?" என்றேன்.

"சோதனையில பெயில் ஐயா. உயர்தர வகுப்பில சங்கீதம் குடுக்கல்ல. ஒழுங்காப் பாடல்லயெண்டு நான்தான் ஏசின. ஒண்டும் சொல்லாம அழுதா."

பாடி முடித்த மகள் என்னைக் கண்டாள். என்னைக் காட்டிக்கொடுக்காமல் தாயின் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். உண்மையைத் தாயிடம் சொல்லாமலே நானும் திரும்பினேன்.

இன்றும் விடியலில் ஓதுகிறேன். அம்மன் செவிசாய்ப்பாள் என்ற துணிவுதான் இல்லை.